வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

காலை பத்து இருபது. ஆறு பாட்டில். ஜெசிந்தா.

அந்த நாளை நான் இப்படித்தான் ஞாபகம் வைத்திருக்கிறேன். சுவர்க் கடிகாரத்தில் பத்து இருபது. என் மேசைமேல் ஒரு லிட்டர் பாட்டில் ஆறு. அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்ற பெண்ணின் பெயர் ஜெசிந்தா. பாட்டிலில் ஊர்ப் பெயர் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று வெறும் எண். “இது எந்த ஊர்த் தண்ணிம்மா?” என்று கேட்டேன். “நீங்களே பாத்துச் சொல்லுங்க சார். உங்க கைக்குத் தெரியாததா?” என்றாள். எவ்வளவு கொழுப்பு பாருங்கள்.

நான் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் வாய் கொடுக்கிற ஆள் இல்லை. நீங்கள் கண்டக்டரிடம் அரசமடைக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டீர்கள். அதுதான் வாயைத் திறக்க வைத்துவிட்டது. அரசமடைக்கு இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். இந்த டிரைவர் ஓட்டுகிற அழகுக்கு ஒன்றேகால். இந்தாருங்கள், கடலை மிட்டாய். எடுத்துக்கொள்ளுங்கள். எறும்பு இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டாம். என் பையில் எறும்பு ஏறாது.

என் பெயர் திருஞானம். மாவட்டத் தண்ணீர் ஆய்வகத்தில் முப்பத்தொரு வருஷம் வேதியியலாளர். ஆய்வகம் என்றால் மக்கள் என்ன நினைக்கிறார்கள்? ஒரு மிஷின் இருக்கும், தண்ணீரை ஊற்றினால் சீட்டு வரும் என்று. சீட்டு கொடுப்பது கடைசி வேலை. அதை எவனும் செய்வான். தண்ணீரை அந்த மிஷினுக்குத் தயார் செய்து கொடுக்கிறோமே, அதுதான் வேலை.

பூச்சிமருந்து தண்ணீரில் எவ்வளவு இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? ஒரு குளத்துக்கு ஒரு சிட்டிகை. அதை அப்படியே காட்டினால் எந்த மிஷினுக்கும் தெரியாது. விரல் நீளத்தில் ஒரு பிளாஸ்டிக் குழல் இருக்கும், அதற்குள் ஒரு பொடி. ஒரு லிட்டர் தண்ணீரையும் அதன் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்க வேண்டும். மருந்து பொடியில் ஒட்டிக்கொள்ளும், தண்ணீர் போய்விடும். பிறகு ஒட்டியதை இரண்டு மூடி திரவத்தால் கழுவி எடுத்து, அதையும் மெல்லக் காற்று ஊதி வற்ற வைக்க வேண்டும். கடைசியில் ஆயிரம் மில்லி அரை மில்லி ஆகியிருக்கும். அந்த அரை மில்லிக்குள் ஒரு தூசி விழுந்தால்கூட மிஷினுக்கு அது மலை மாதிரி தெரியும். அவ்வளவு நுணுக்கமான வேலை. சொட்டு வேகமாக விழுந்தால் மருந்து ஒட்டாது. பொடி காய்ந்துவிட்டால் போச்சு. ஒரு நாளைக்கு ஆறு பாட்டில்தான் முடியும். முப்பத்தொரு வருஷம் செய்தேன். கையுறை போடாமல் செய்தேன். உறை போட்ட விரலுக்குச் சொட்டின் வேகம் தெரியாது. இது புத்தகத்தில் இல்லை.

அந்த வேலைக்குத்தான் பீரோ வந்தது.

பீரோ என்றுதான் நான் சொல்வேன். 2022 ஜனவரியில் நாலு பேர் மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆள் உயரம், கண்ணாடிக் கதவு, உள்ளே பன்னிரண்டு குழல். பாட்டில்களை வைத்துப் பொத்தானை அழுத்தினால் அதுவே இறக்கும், அதுவே கழுவும், அதுவே வற்ற வைக்குமாம். அதற்கென்று ஏ.சி. அறை. வாசலிலேயே செருப்பைக் கழற்ற வேண்டும், கையுறை மாட்ட வேண்டும், தலைக்கு ஒரு குல்லா. ஆபரேஷன் தியேட்டர் தோற்றது. அதை ஓட்டுவதற்குத்தான் ஜெசிந்தா வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண். இருபத்தேழு வயசு, இரண்டு பட்டம். பொத்தானை அழுத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பதற்கு இரண்டு பட்டம்.

முதல் வாரமே பீரோ படுத்துவிட்டது. மழைத் தண்ணீர், கலங்கல். குழல் அடைத்துக்கொண்டு மாடியிலிருந்து கீ கீ என்று சத்தம். நான் ஏறிப் போய்ப் பார்த்தேன். அந்தப் பெண் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறாள். “வடிகட்டிட்டு ஊத்தும்மா. காப்பி போடறவங்களுக்கே இது தெரியும்” என்றேன். “ஆமா சார், தேங்க்ஸ் சார்” என்று நோட்டில் எழுதிக்கொண்டாள். எழுதிக்கொள்கிறாளாம். கீழே வந்து, பீரோவுக்கு மலச்சிக்கல் என்று ஆபீஸ் முழுக்கச் சொன்னேன். ஒரு மாசம் சிரித்தார்கள்.

எங்கள் துணை இயக்குநர் மகுடபதி என்று ஒருவர். நாற்பது வயசு. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அரைக்கால் சட்டையோடு பள்ளிக்கூடம் போயிருப்பார். அவர் சொன்னார், “திருஞானம் சார், ஒரு மாசத்துக்கு ஒரே தண்ணியை நீங்களும் செய்யுங்க, மிஷினும் செய்யட்டும். ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாப்போம்.” தாராளமாகப் பார்க்கலாம் என்றேன். எனக்கென்ன பயம்?

பார்த்தார்கள். திங்கள், என் எண்ணும் பீரோவின் எண்ணும் ஒன்று. செவ்வாய், ஒன்று. புதன், வியாழன், புள்ளிக்குப் பிறகு இரண்டாவது இலக்கம்வரை ஒன்று. ஜெசிந்தாவே வாயைப் பிளந்தாள். “சார், கையால இவ்ளோ துல்லியமா செய்ய முடியும்னு யாராவது சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்” என்றாள். பொய் சொல்ல மாட்டாள், அதைச் சொல்ல வேண்டும். அப்புறம் வெள்ளிக்கிழமை வந்தது. எனக்கு 0.38. பீரோவுக்கு ஒன்றுமில்லை. அடுத்த வெள்ளி எனக்கு 0.43. பீரோவுக்கு ஒன்றுமில்லை. நாலு வெள்ளியும் அப்படியே.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நாலு நாள் அந்தப் பீரோ என்னைப் பார்த்துக் காப்பியடித்தது, ஐந்தாம் நாள் மாட்டிக்கொண்டது என்றேன். எளிதான தண்ணீரை எந்தப் பெட்டியும் செய்துவிடும். வெள்ளிக்கிழமைத் தண்ணீர் அப்படி இல்லை.

வெள்ளிக்கிழமைத் தண்ணீர் என்றால் உங்களுக்குப் புரியாது. எங்கள் ஜீப் ஒவ்வொரு நாளும் ஒரு பக்கம் போய் பாட்டில் கொண்டுவரும். திங்கள் வடக்கு, செவ்வாய் மலையடிவாரம், இப்படி. வெள்ளிக்கிழமை கூத்தனோடைக் கரை. மூன்று ஊர். வெள்ளையங்குளம், தாழைமடை, ஓடைக்கு மேட்டில் நீங்கள் போகிற அரசமடை.

அந்த ஓடையில் விஷம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவன் நான். 2014-இல். ஆய்வகம் புதுக் கட்டடத்துக்கு மாறிய இரண்டாவது மாசம். பழைய கட்டடத்தில் இருபது வருஷம் அதே மூன்று ஊர்த் தண்ணீரைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. அங்கே வெளிச்சம் போதாது. புதுக் கட்டடம் வந்தேன், பிடித்துவிட்டேன். சைபர்மெத்ரின் என்று ஒரு பூச்சிமருந்து. மூன்று ஊர்க் கிணற்றிலும் ஒரே மருந்து. மற்ற எந்த ஊரிலும் அந்த மருந்து இல்லை. என்ன அர்த்தம்? ஓடை வழியாக வருகிறது என்று அர்த்தம். ஓடைக்கு மேட்டில் யார் தோட்டம்? சின்னப் பிள்ளையும் சொல்லும்.

அங்கே வீரணன் என்று ஒரு பூ விவசாயி. மூன்று ஏக்கர் சம்பங்கி, ஓரத்தில் கொஞ்சம் கனகாம்பரம். அரசமடைக் குடிதண்ணீர்க் கிணறு அவர் வரப்பிலிருந்து அறுபது அடி. அதிகாரிகள் போனார்கள், கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டு, சுற்றுக் கல்லில் சிவப்புப் பெயிண்டில் பெருக்கல் குறி போட்டார்கள். மற்ற இரண்டு ஊருக்கும் குழாய்த் தண்ணீர் வந்தது. அரசமடை மேடு, அங்கே ஏறவில்லை. வாரம் இரண்டு தரம் லாரி. மற்ற நாள் போர்வெல் உப்புத் தண்ணீர். பேப்பரில் பெரிதாகச் செய்தி. ‘ஆய்வக வட்டாரங்கள் தெரிவித்தன’ என்று போட்டிருந்தான். அந்த வட்டாரம் நான்தான்.

வீரணன் ஒரு வாரத்தில் ஆய்வகத்துக்கு வந்துவிட்டார். தோளில் துண்டு, கையில் மஞ்சள் பை. “ஐயா, என் பூவுக்கு வேப்பெண்ணெயும் புளிச்ச மோரும்தான்யா அடிக்கிறேன். நீங்க சொல்ற மருந்துப் பேரு என் வாயிலகூட வரல.”

“வாயில வராட்டி என்னப்பா? கிணத்துல வந்துருச்சே” என்றேன்.

பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்த ஆள் சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார். பிறகு சொன்னார், “ஊருல என் வீட்டுப் பூவ வாங்க மாட்டேங்கிறாங்கய்யா.” பூ வாங்காவிட்டால் டவுனில் விற்க வேண்டியதுதானே? விற்றார். அவர் அழுதது வேறு விஷயத்துக்கு. அரசமடையில் வைகாசியில் காளியம்மனுக்குத் திருவிழா. அம்மனுக்கு முதல் மாலை அவர்கள் வீட்டிலிருந்துதான் போகுமாம், அவர் தாத்தாவுக்குத் தாத்தா காலத்திலிருந்து. அந்த வருஷம் ஊர்க்காரர்கள், கிணத்துல விஷம் கலந்த கையால கட்டுன மாலை ஆத்தாளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதற்கு நான் என்ன செய்வது? நான் தண்ணீரைப் பார்க்கிறவன், மாலையைப் பார்க்கிறவன் இல்லை.

அதற்கப்புறம் வருஷா வருஷம் சித்திரை பிறந்ததும் வருவார். கையில் ஒரு பாட்டில். “ஐயா, இன்னொருக்காப் பாருங்கய்யா. திருவிழாவுக்கு ஒரு மாசந்தான் இருக்கு.” நான் பார்ப்பேன். பார்க்காமல் திருப்பி அனுப்பினேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரே ஒரு தரம் அனுப்பினேன். ஒரு செவ்வாய்க்கிழமை வந்து நின்றார். “இன்னிக்கு மலையடிவாரத்துப் பாட்டில்தான் எடுப்பேன். உங்க ஊருக்கு வெள்ளிக்கிழமை. ஒழுங்குன்னு ஒண்ணு இருக்கில்ல?” என்றேன். “மூணு பஸ்சு மாறி வந்தேன்யா” என்றார். “வெள்ளிக்கிழமையும் அதே மூணு பஸ்சு ஓடும்ப்பா” என்றேன். வெள்ளிக்கிழமை வந்தார். செய்து கொடுத்தேன். 0.41. முகத்தைப் பார்க்க வேண்டுமே. எட்டு வருஷம். ஒரு வருஷமாவது பூஜ்யம் வந்திருந்தால் நானே சந்தோஷமாக எழுதிக் கொடுத்திருப்பேன்.

என் மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டு ஜெசிந்தா சேர்ந்தாலும் அந்த மேசை மாதிரி வைத்திருக்க முடியாது. அந்தப் புதுக் கட்டடத்தில் ஒரே தொல்லை எறும்பு. புற்று மேலேயே கட்டிவிட்டான் காண்ட்ராக்டர். வெள்ளிக்கிழமை நான் கோயிலுக்குப் போய்விட்டுச் சர்க்கரைப் பொங்கல் கொண்டுவந்து டிராயரில் வைப்பேன், எல்லாருக்கும் கொடுப்பதற்கு. விடுமா எறும்பு? அதனால் வெள்ளிக்கிழமை முதல் வேலை, மேசையைத் துடைத்து, தண்ணீரை இழுக்கிற பம்புக்கு ஒரு குங்குமம் வைத்து, எறும்புச் சாக்பீஸ் எடுத்து நாலு காலையும் சுற்றி ஒரு கோடு, மேசை விளிம்பில் ஒரு கோடு, குழல் நிறுத்துகிற தட்டைச் சுற்றி ஒரு கோடு. அழுத்திப் போடுவேன், மெல்லிசாகப் போட்டால் எறும்பு மதிக்காது. உதிர்கிற பொடியை ஊதிவிட்டுக் கையை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்குவேன். பிறகு ஃபேன் போடுவேன். எட்டு வருஷத்தில் ஒரு எறும்பு என் மேசை ஏறவில்லை. சனிக்கிழமை பெருக்க வருகிற அம்மா எல்லாவற்றையும் ஈரத் துணியால் துடைத்துவிடுவாள். மறு வெள்ளிக்கிழமை மறுபடி போடுவேன்.

சரி, கதைக்கு வருகிறேன். நாலு வெள்ளிக்கிழமை என் எண்ணும் பீரோவின் எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றதும் ஜெசிந்தா என் நோட்டுகளைக் கேட்டாள். எட்டு வருஷ நோட்டு. கொடுத்தேன். மூன்று நாள் மாடியில் உட்கார்ந்து படித்துவிட்டு வந்தாள்.

“சார், ப்ளாங்க் என்னிக்குச் செய்வீங்க?”

ப்ளாங்க் என்றால் வேறொன்றுமில்லை. சுத்தமான தண்ணீரை, காய்ச்சி வடித்ததை, மற்றத் தண்ணீர் மாதிரியே எல்லா வேலையும் செய்து பார்ப்பது. அதில் ஏதாவது வந்தால் கோளாறு தண்ணீரில் இல்லை, செய்கிற இடத்தில் என்று அர்த்தமாம். வெறும் தண்ணீரை அரைநாள் மெனக்கெட்டுச் சோதிப்பதைவிட வெட்டி வேலை உலகத்தில் கிடையாது. ஆனாலும் விதி என்றால் விதி. வாரத்துக்கு ஒன்று செய்துவிடுவேன்.

“திங்கக்கிழமை” என்றேன்.

“எப்பவுமே திங்கக்கிழமைதானா?”

“வாரம் திங்கக்கிழமைதானேம்மா தொடங்குது? உங்க ஊர்ல எப்படி?”

“எட்டு வருஷமும் ப்ளாங்க்ல ஒண்ணுமே வரல, இல்லையா சார்?”

“என் மேசையில எப்படிம்மா வரும்?” என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை எண் போட்ட ஆறு பாட்டில் கொண்டுவந்தாள். மலைத் தண்ணீர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு செய்தேன். ஆறிலும் ஒன்றுமில்லை. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை மறுபடி ஆறு. அதுதான் முதலில் சொன்னேனே, பத்து இருபது. மார்ச் 11. அப்போதுதான் கோடு போட்டு முடித்திருந்தேன், விரலில் வெள்ளை இன்னும் போகவில்லை. “நான் இங்கயே நின்னு பாக்கலாமா சார்?” என்றாள். பாரு, பார்த்துக் கற்றுக்கொள் என்றேன். நின்றாள். சாயங்காலம்வரை நின்றாள். என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வித்தை தெரிந்தவன் கையை அப்படித்தான் பார்ப்பார்கள் என்று நினைத்தேன்.

ஆறிலும் மருந்து. 0.39, 0.44, 0.40, இப்படி. எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கூத்தனோடைத் தண்ணீர் என்று ஓரத்தில் குறிப்பும் எழுதினேன். பார்த்த உடனே ஊரைச் சொல்லிவிட்டேன், கவனித்தீர்களா?

திங்கட்கிழமை மகுடபதி அறைக்குக் கூப்பிட்டார்கள். போனால் அங்கே வீரணன் உட்கார்ந்திருக்கிறார். நாற்காலியில். எட்டு வருஷமாக நிற்க வைத்துப் பேசிய ஆளை நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள். அந்தப் பெண்தான் வரச் சொல்லியிருக்கிறாள்.

மகுடபதி இழுத்து இழுத்துப் பேசினார். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. புதன்கிழமை ஜெசிந்தா குடுத்த ஆறும் அரசமடைக் கிணத்துத் தண்ணி. அவங்களே காலைல பைக்ல போய் எடுத்துட்டு வந்தது.”

“சரி. அன்னிக்குக் கிணறு சுத்தமா இருந்திருக்கும்” என்றேன். “ஓடைன்னா தினமும் ஒரே மாதிரியா ஓடும்?”

“வெள்ளிக்கிழமை குடுத்த ஆறும் நம்ம மாடியில காய்ச்சி வடிச்ச தண்ணி சார். வெறும் தண்ணி.”

நான் ஜெசிந்தாவைப் பார்த்தேன். “அப்ப நீ அதுல மருந்தக் கலந்திருக்க” என்றேன்.

“இல்ல சார்” என்றாள். சத்தமே இல்லை. “அதே தண்ணி மிஷின்லயும் ஓடுச்சு. ஒண்ணும் இல்ல.” பிறகு பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். என்ன என்று நினைக்கிறீர்கள்? என் டிராயரிலிருந்த எறும்புச் சாக்பீஸ் பாக்கெட். அட்டையின் பின்பக்கத்தைத் திருப்பி, பொடி எழுத்தில் இருந்ததை வாசித்தாள். சைபர்மெத்ரின்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுல என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாதாம்மா? நான் யாரு, பெட்டிக்கடையா வச்சிருக்கேன்? அது எறும்புக்கு. கோடு மேசையில. தண்ணி பாட்டில்ல. எறும்பே தாண்டாத கோட்ட மருந்து தாண்டிப் போகுமா?”

 

வீரணன் அந்தப் பாக்கெட்டைக் கேட்டு வாங்கினார். முன்னும் பின்னும் பார்த்தார். “இது என்னம்மா வெல?” என்று கேட்டார். என்னிடம் இல்லை, அந்தப் பெண்ணிடம். அவள் சொன்னாள். தலையாட்டிக்கொண்டார். “நாங்க இதுகூட வாங்குனதில்ல. எங்க வீட்டுல எறும்புக்கு மஞ்சத்தூளுதான்” என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். “நான் ஒருக்கா செவ்வாக்கெழம வந்தேன்.”

அவ்வளவுதான் சொன்னார். செவ்வாய்க்கிழமை வந்தாராம். வந்தார், நான் இல்லை என்றா சொன்னேன்? அதற்கென்ன இப்போது? ஒன்று கவனித்தேன். பின்னால் ஐயா போடவில்லை. நாற்காலியில் உட்கார வைத்தால் இப்படித்தான்.

அந்தப் பெண் அழுதாள். யாருக்காக அழுதாள் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. “சார், மத்த நாலு நாளும் உங்க கை மாதிரி நான் பாத்ததே இல்ல சார்” என்றாள். பாராட்டுகிறாளாம். நான் எழுந்து வந்துவிட்டேன்.

என்ன செய்தார்கள் தெரியுமா? எட்டு வருஷத்து வெள்ளிக்கிழமை முடிவுகள் எல்லாம் செல்லாது என்று ஒரு உத்தரவு. செல்லாது! நானூறு வெள்ளிக்கிழமை! லீவு போட்ட நாளைக் கழித்தால்கூட முந்நூற்று எண்பது. முந்நூற்று எண்பது நாள் ஒரு மனிதன் சொட்டுச் சொட்டாக இறக்கியதை அரைப் பக்கத்தில் செல்லாது என்று எழுதிவிட்டார்கள். கிணற்றைத் திறக்கவும் எழுதினார்கள். ஏப்ரலிலேயே மூடியைக் கழற்றிவிட்டார்கள். நான் ஏப்ரல் 30-இல் ஓய்வு பெற்றேன். சால்வை போட்டார்கள். ஜெசிந்தா ஒரு பேனா கொடுத்தாள். பெட்டியைத் திறக்காமல் வைத்திருக்கிறேன்.

நான் கேட்பது ஒன்றுதான். பீரோ ஒன்றுமில்லை என்கிறது, என் கை இருக்கிறது என்கிறது. இல்லை என்று சொல்ல என்ன திறமை வேண்டும்? கண் தெரியாதவன்கூட இல்லை என்பான். ஊரே அந்தத் தண்ணீரைக் குடிக்கிறதாம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையாம். பொறுத்திருந்து பார்க்கட்டும். நீங்கள் அங்கே தண்ணீர் குடிக்காதீர்கள், சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மட்டுமாவது குடிக்காதீர்கள். இன்றைக்கு என்ன கிழமை?

என்ன, மிட்டாயைக் கையிலேயே வைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? கடிக்கவே இல்லையே. அந்த வெள்ளையா? அது ஒன்றும் இல்லை. பைக்குள்ளே அடியில் ஒரு கோடு, வாயைச் சுற்றி ஒரு கோடு. பஸ் குலுக்கியதில் கொஞ்சம் உதிர்ந்திருக்கும். தட்டிவிட்டுச் சாப்பிடுங்கள். எட்டு வருஷம் அதே கையோடு சர்க்கரைப் பொங்கல் கொடுத்திருக்கிறேன், ஆபீஸில் யார் செத்தார்கள்? வேண்டாமா? சரி, கொடுங்கள் இப்படி. உங்கள் இஷ்டம்.

அதோ தண்ணீர்த் தொட்டி தெரிகிறதே, அதுதான் அரசமடை. யார் வீட்டுக்குப் போகிறீர்கள்? கேட்கவே இல்லை பாருங்கள்.

வீரணன் வீட்டுக்கா?

பூ மண்டியிலிருந்து வருகிறீர்களா? அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. ஒரு மணி நேரம் வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டே வந்திருக்கிறீர்கள். நல்ல ஆள் நீங்கள். இறங்கி நேரே போங்கள், கோயில் வரும். கோயிலுக்கு எதிரில் கிணறு. பழைய சிவப்புப் பெயிண்ட் கல்லில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும், அதுதான் அடையாளம். அதற்கு அடுத்த தெருவில் மூன்றாவது வீடு. நான் போனதில்லை. எட்டு வருஷம் அந்த ஆள் ஒவ்வொரு தரமும் வழி சொல்லிவிட்டுப் போவார், ஒருதரம் வந்து பாருங்கய்யா என்று. மனப்பாடமாகிவிட்டது.

திருவிழாவுக்கும் நான் போகவில்லை. எனக்கென்ன வேலை அங்கே? பேப்பரில் உள்ளூர்ச் செய்திப் பக்கத்தில் நாலு வரி வந்திருந்தது. 2022 மே 17, செவ்வாய்க்கிழமை. அரசமடை காளியம்மன் கோயில் வைகாசித் திருவிழாவில் முதல் மாலை வீரணன் வீட்டிலிருந்து சென்றது.